பார்பிக்யூ சீசனுக்காக நீ இருக்க வேண்டாம், பாப்பா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேரில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறான் என்று உன் அத்தை கேட்டால், நீயே பதில் சொல்லிவிடு. நேரில் பேசினால் நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் நீ நாலு பதில் சொல்வாய், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பேச்சு வேறெங்கோ போய் முடியும். இன்று திங்கட்கிழமை, கோழிக்கடையில் ஈ ஓட்டுகிற நாள். நீ பாண்டிச்சேரியில் அத்தை வீட்டில் உட்கார்ந்து கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருக்கிறாய். குறுக்கே பேச ஆள் இல்லை, சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை ஆல்பர்ட் போன் பண்ணினார். சனியும் ஞாயிறும் சர்ச்சில் கல்யாணத் தயாரிப்பு வகுப்பில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், அங்கே கேட்க முடியாததை என்னிடம் கேட்டார். பொங்கல் முடிந்ததும் கல்யாணம். மார்ச்சில் அவருக்கு லீவு முடிகிறது. வேலை பார்க்கிற மஸ்கட்டில் இரண்டு பேருக்கு ஒரு வீடும் பார்த்து வைத்துவிட்டார். ஆனால் நீ அவரைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டாயாம். மே மாசம் முடிகிற வரை பார்பிக்யூ சீசன், அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியாது, ஜூனில் வருகிறேன் என்றாயாம். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "கடைக்காகன்னுதான் சொல்லுது மாமா. ஆனா அது கடைக்காக இல்ல. நீங்க ஒத்தையா இருப்பீங்களேன்னுதான். நீங்க எப்படி சொல்றீங்களோ அப்படியே பண்ணிக்கலாம்" என்று நிறுத்திக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

யோசித்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உனக்கு நன்றி சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நம் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. சாப்பிட்டியா என்று கேட்பதோடு சரி. உன் அம்மா இருந்தவரை அவளிடம் ஒரு தடவைகூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு கல்லறையில் நின்று சொல்லி என்ன பிரயோஜனம். உனக்காவது காது கேட்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கோழி வெட்டுகிறவன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே மரக்காணத்தில் கத்தி பிடிக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு சுகம் உண்டு. அது சுகம் என்பதே நீ சொல்கிறவரை எனக்குத் தெரியாது. மீன் விற்கிறவளுக்கு வெயில் ஏற ஏற வயிற்றில் புளியைக் கரைக்கும். பூ விற்கிறவளுக்கு இருட்ட இருட்டக் கரைக்கும். எனக்குக் கரைத்ததே இல்லை. விற்காத கோழி கூண்டில் நிற்கும். கொஞ்சம் தீவனம் தின்னும், மறுநாள் விற்கும். ஆள் வந்து எத்தனை கிலோ என்று சொன்ன பிறகுதான் கத்தியைக் கையில் எடுப்பேன். அதனால் இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வந்தவரிடம் கறி இல்லை என்று ஒருநாளும் சொன்னதும் இல்லை. கடைக்காரன் வாயில் இல்லை என்ற சொல் வரக்கூடாது என்பதைப் பெரிய கௌரவமாக வைத்திருந்தேன். கூண்டில் நூறு கோழியை நிறுத்திக்கொண்டு யார் வேண்டுமானாலும் அப்படிப் பெருமை பேசலாம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பார்பிக்யூ ஆசை வந்தது. ஈசிஆர் ரோட்டில் போகிற கார்களெல்லாம் உப்பளம் வந்ததும் ஓரமாக நிற்கிறது, இறங்கி உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள், எடுத்து முடித்ததும் பசிக்கிறது, சாப்பிட ஒரு கடை கிடையாது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரித்தது. கோழிக்கடைக்கு எதிரிலேயே தகரக் கொட்டகை போட்டு, கம்பி வலை அடித்த கரி அடுப்பு ஒன்றைச் செய்து வாங்கினேன். மழைக்காலத்தில் உப்பள வேலை இல்லாமல் சும்மா இருந்த ஏழுமலையை அடுப்புக்கு வைத்தேன். டிசம்பரில் தொடங்கி மே வரைக்கும் சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் திருவிழாதான் என்று உன்னிடம் மார் தட்டினேன். நீ திண்டிவனத்து ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டு வந்து, அசதியில் தலையாட்டினாய்.

அந்த முதல் டிசம்பரில் நான் செய்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். சனிக்கிழமை காலையிலேயே கூண்டைப் பாதி காலி பண்ணினேன். அத்தனையையும் வெட்டி, தயிர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து, பெரிய தாம்பாளத்தில் சிவப்பாக மலை மாதிரி அடுக்கி ரோட்டைப் பார்க்க வைத்தேன். கண்ணை நிறைத்தால்தான் கார் நிற்கும் என்பது என் கட்சி. மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து கருக்கலாக வந்தது. அதற்கப்புறம் பிடித்த மழை ஞாயிறு முழுக்க விடவில்லை. ரோட்டில் நாய் நடமாட்டம்கூட இல்லை. திங்கட்கிழமை காலையில் ஏழுமலையும் நானும் சவுக்குத்தோப்பு ஓரம் பள்ளம் தோண்டி, மசாலா தடவின கறியைக் கொட்டி மூடினோம். நீ ஆபீசுக்குக் கிளம்பின உடையோடு வந்து நின்று பார்த்தாய். மழையைத் திட்டினேன், கவர்மெண்டைத் திட்டினேன், காரணமே இல்லாமல் ஏழுமலையையும் திட்டினேன். நீ சிலுவை போட்டுக்கொண்டு, "உயிரை எடுத்தோம்பா, ஒருத்தர் வாய்க்கும் போகல" என்றாய். ஒரு நாளைக்கு நூறு கோழி வெட்டுகிறவனிடம் அப்படி யாரும் பேசியதில்லை. மனசில் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் நீ வந்து உதவி பண்ணுவாய், ஆர்டர் எடுப்பாய், பில் போடுவாய் என்று நினைத்தேன். நீ தட்டு கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாய். படித்த பெண் எச்சில் தட்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு மானம் போனது. சாயங்காலம் முழுக்கத் திரும்பி வருகிற தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நெஞ்சுக்கறி முக்கால்வாசி அப்படியே வந்திருந்தது. கால்துண்டில் மேலே தின்றுவிட்டு எலும்போரம் விட்டிருந்தார்கள். ஒரு முழுக் கோழியைப் பிளந்து அப்படியே அடுப்பில் போடுகிறாய், நெஞ்சு சீக்கிரம் வெந்துவிடுகிறது, கால் வேகும்வரை விட்டால் நெஞ்சு சக்கையாகிவிடுகிறது, நெஞ்சுக்காக எடுத்தால் கால் எலும்போரம் சிவப்பாக நிற்கிறது என்று சொன்னாய். பள்ளத்தில் கொட்டினது ஒருநாள் நஷ்டம்தான், தட்டில் போவது வாராவாரம் போகிறது என்றாய். இத்தனை வருஷம் கோழியை வெட்டிக் கொடுத்தேனே தவிர, அதைத் தின்கிறவன் என்ன செய்கிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எனக்கே கோழி வெட்டச் சொல்லித் தருகிறாயா என்று கத்தினேன். நீயும் கத்தினாய். ஏழுமலை அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். காலையிலேயே எல்லாவற்றையும் வெட்டாதே என்றாய். வெட்டாமல் வைத்தால் கூட்டம் வரும்போது எங்கே போவது, பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்றேன். நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாய். "யப்பா, ஃப்ரிட்ஜ் எதுக்கு? அதோ கூண்டுல நிக்குதே, அதுதான் நம்ம ஃப்ரிட்ஜ். கரண்ட் போனாலும் கெட்டுப்போகாது." எதிர்க்கடையில் கேட்ட பிறகு வெட்டுகிறவன், இந்தக் கடைக்கு ரோட்டைத் தாண்டி வந்ததும் கேட்பதற்கு முன்னாலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணியிருக்க முடியாது.

அதற்கப்புறம் நீ வைத்ததுதான் சட்டம். நாலு மணிக்கு முதல் ஈடு, கொஞ்சமாக. ஏழு மணிக்குள் அது எவ்வளவு போயிருக்கிறது, ரோட்டில் வண்டி எந்தப் பக்கம் அதிகம் போகிறது, வானம் எப்படி இருக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டு இரண்டாவது ஈடு. அதோடு முடிந்தது. நெஞ்சைத் தனியாக எடுத்துத் துண்டு போட்டுக் கம்பியில் குத்து, காலுக்கு ஆழமாகக் கீறல் போட்டு நிதானமாக வேக விடு என்றாய். அடுப்பில் ஒரு ஓரம் கரி இல்லாமல் விடச் சொன்னாய். வெந்த துண்டுகளை அங்கே ஒதுக்கினால் சூடும் ஆறாது, கருகவும் கருகாது. கழுத்து, முதுகெலும்பு, றெக்கை நுனி எல்லாம் முன்பு குப்பைக்குப் போகும். அதில் மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தாய். முழுக்கோழி கேட்டு வருகிற குடும்பத்திடம், முதலில் பாதி வாங்கிச் சாப்பிடுங்க, பத்தலைன்னா சூடா தர்றோம் என்று நீயே போய்ச் சொன்னாய். வருகிற வியாபாரத்தை வாசலிலேயே பாதியாக வெட்டுகிறாயே என்று பல்லைக் கடித்தேன். அவர்கள் பாதியைத் தின்று முடித்து, கால் கோழி இன்னும் வாங்கி, தட்டை நக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த மாசம் அதே கார் திரும்பி வந்து நின்றது.

உப்பு விஷயம் தனிக்கதை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு உப்பை அளக்கத் தெரியாது. ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடப்பதை யார் அளப்பார்கள். ஏழுமலை அள்ளினால் ஒரு கை, நான் அள்ளினால் ஒன்றரைக் கை. காலையிலேயே உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசைந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் கறி தண்ணி விட்டுத் துவண்டுவிடும். விற்றதுபோக மீந்தது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கவும் லாயக்கில்லை, கரித்துக் கொட்டும். மசாலாவை அரைத்துத் தனியாக வைத்துக்கொள், கறியை வெறுமனே ஐஸில் வை, அடுப்புக்குப் போகிற கறிக்கு மட்டும் உப்பு போடு என்றாய். மீந்தாலும் அது வெறும் கறியாக மிஞ்சும், ராத்திரி குழம்பு வைத்துக்கொள்ளலாம். சுட்டு மீந்ததை மறுநாள் பிரியாணியில் போட்டுத் தள்ளிவிடலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னபோது நீ பார்த்த பார்வையில், அந்தப் பேச்சை அதோடு விட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பைக் குறைத்தவளை நினைக்க வேண்டியிருக்கிறது.

இதனால் மிச்சமானது எவ்வளவு என்று நான் கணக்கு எழுதி வைக்கவில்லை. ஆனால் பள்ளம் தோண்டுவது நின்றது. கரி பாதி செலவாகிறது. போன சீசன் முடிந்து மே மாசக் கடைசியில் கையில் ஒரு தொகை நின்றபோது, இது எப்படி வந்தது என்று எனக்கே புரியவில்லை. கோழி அதிகம் விற்கவில்லை, விலையும் ஏற்றவில்லை. குப்பைக்குப் போகாமல் நின்ற கறிதான் அந்தப் பணம். நீ இப்போது அத்தையோடு கடை கடையாக ஏறி இறங்கிப் பார்க்கிற பட்டுப்புடவை அந்தப் பணத்தில்தான் வரப்போகிறது. கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுக்கிற புடவை என்று ஊரில் சொல்லிக்கொள்வேன், அது வேறு விஷயம். உண்மையில் உன் புடவையை நீயேதான் சம்பாதித்துவிட்டாய். அதற்கும் நன்றி, பாப்பா.

இப்போது இந்த சனி, ஞாயிறு கதைக்கு வருகிறேன். நான் சொல்லாவிட்டால் ஏழுமலை சொல்லிவிடுவான், அவன் வாய் சும்மா இருக்காது. நீ வகுப்புக்குப் போனாய், கடையில் நான் மட்டும். சனிக்கிழமை காலையில் வெயில் நன்றாக அடித்தது, வண்டி வரிசையாகப் போனது, என் கை தானாகவே கூண்டுக்குள் போய்விட்டது. ஒரே ஈடாக எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். "அண்ணா, பாப்பா இல்லன்னதும் ஆரம்பிச்சிட்டியா" என்று ஏழுமலை கேட்டான். உன் வேலையைப் பாருடா என்றேன். போன கார் எல்லாம் நேராகப் பாண்டிச்சேரிக்கே போனது, நம்மிடம் நின்றது பாதிகூட இல்லை. நல்லவேளை, உன் பேச்சைக் கேட்டு உப்பு மட்டும் போடாமல் வைத்திருந்தேன். மீந்த கறியை ஏழுமலை வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினேன். பள்ளம் தோண்டவில்லை, ஆனால் லாபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்திருந்தபோதுகூட அதே நினைப்பு. ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று உன் அம்மா சொல்லும்போதெல்லாம் நான் காதில் வாங்காமல் போனது ஞாபகம் வந்தது.

ஞாயிறு சாயங்காலம் நீ சொன்னபடியே செய்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம், ஏழு மணிக்குக் கொஞ்சம். எட்டு மணிக்குத் தட்டு காலி. அடுப்பில் கரி இன்னும் சிவப்பாக இருந்தது. அப்போது பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. மெட்ராஸ் குடும்பம், பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள், பத்துப் பேர் இருப்பார்கள். எதிரே கூண்டில் கோழி கொக்கரிக்கிறது. வெட்டி, உரித்து, மசாலா தடவி, சுட்டுக் கொடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரத்தில் சுட்டால் எலும்போரம் சிவப்பாக நிற்கும். அதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டால் அத்தனையும் என் தலையில். இவ்வளவும் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கடையில் நின்று இல்லை என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லையே. ஏழுமலை என் முகத்தையே பார்த்தான். வேனிலிருந்து இறங்கின பெரியவர் என்னங்க இருக்குது என்று கேட்டார்.

"தீர்ந்துபோச்சுங்க" என்றேன்.

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வேற என்ன இருக்குதுங்க என்றார். சூப் இருந்தது. அத்தனை பேரும் நின்றுகொண்டே குடித்தார்கள். கூட வந்த ஒரு அம்மா இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். நாளைக்குத் திரும்பி வருவோம், இத்தனை பேருக்கு வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு ரெடியாக இருக்குமா என்று கேட்டு, என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று மத்தியானம் போன் பண்ணி உறுதி சொல்லிவிட்டார்கள். ஈ ஓட்டுகிற திங்கட்கிழமையில் எனக்கு ஆர்டர் இருக்கிறது, பாப்பா. இனிமேல்தான் கோழி பிடிக்கப் போகிறேன், எத்தனை என்று தெரிந்தே பிடிக்கப் போகிறேன்.

மஸ்கட்டில் குளிர்காலம் வந்தால் வெள்ளிக்கிழமை கடற்கரையில் கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்களாம், ஆல்பர்ட்டுக்கு நம்மூர்ப் பிள்ளைகள் நிறைய சிநேகிதமாம். கல்யாணமாகாத பிள்ளைகள் கடைக்குப் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் வண்டியில் அள்ளிப் போடுவார்கள். நீ போன பிறகாவது யார் யார் நிச்சயமாக வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல். தலைக்கு இரண்டு துண்டு முதலில், கேட்டால் மறுபடி. நெஞ்சும் காலும் ஒன்றாக அடுப்பில் ஏற வேண்டாம். உப்பு கடைசியில். நீ எனக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், எனக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று வேண்டுமானால் சொல்கிறேன். ஆல்பர்ட் முதல் தடவை சுடும்போது கருக்கிவிட்டால் எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டாதே. நீ என்னிடம் சொன்னபோது ஏழுமலை மட்டும்தான் இருந்தான், அதற்கே எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இனி நான் யோசித்ததைச் சொல்கிறேன். நீ இங்கே இருந்தால் கடை இன்னும் நன்றாக நடக்கும். அதில் சந்தேகமே இல்லை. உன்னை அனுப்புவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். நீ போனால் நான் இன்னும் சில சனிக்கிழமை தப்பு பண்ணுவேன். கொஞ்சம் கறி வீணாகும், கொஞ்சம் பணம் போகும், ஏழுமலை சிரிப்பான். போகட்டும். ஒரு சீசன் போனால் அடுத்த டிசம்பரில் மறுபடி வரும். புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கிற முதல் மூன்று மாசம் மறுபடி வராது. நானும் உன் அம்மாவும் முதல் மூன்று மாசம் குடிசையில் இருந்தோம், மழையில் ஒழுகும், இரண்டு பேரும் பாத்திரத்தை இடம் மாற்றி மாற்றி வைத்துச் சிரிப்போம். அதை நினைத்துக்கொண்டுதான் அவள் இல்லாத இந்த வருஷங்களை ஓட்டினேன். அந்த மூன்று மாசத்தை எனக்காக நீ விட்டுக்கொடுத்தால், நான் எந்த முகத்தோடு கடையில் நிற்பேன்.

நான் ஒத்தையில் இருப்பேன் என்று பயப்படுகிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அம்மா போன பிறகு நீயும் நானும் ஒரு சட்டியிலேயே சாப்பிட்டுப் பழகிவிட்டோம். சாயங்காலம் உன் வண்டிச் சத்தம் கேட்கிற நேரத்துக்கு நான் தானாகவே வாசலுக்கு வந்து நிற்பேன், நீ போன பிறகும் கொஞ்ச நாளைக்கு அப்படி வந்து நிற்பேன் என்று தெரியும். நின்றுவிட்டு உள்ளே போவேன். என்னோடு இத்தனை நாள் இருந்ததற்கு நன்றி. தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு நன்றி. நான் கத்தினபோது பயந்து வாயை மூடாமல் திரும்பக் கத்தினதற்கு நன்றி. அம்மா இருந்திருந்தால் உன்னைப் பற்றி என்னைவிட நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பாள்.

இன்று மத்தியானம் உன் அம்மா போன பிறகு முதல் தடவையாக நான் எனக்கு மட்டும் சமைத்தேன். சனி, ஞாயிறு கடையிலேயே ஓட்டிவிட்டேன், இன்றுதான் வீட்டில் அடுப்பு மூட்டினேன். அரிசி டப்பாவில் கையை விட்டதும் வழக்கம்போல இரண்டு டம்ளர் வந்தது. ஒரு டம்ளரைத் திரும்பக் கொட்டினேன். கொட்டின பிறகும் டப்பாவை மூடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். கால் கிலோ கறியை எடுத்துக் குழம்பு வைத்து, சோறு வடித்து, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. சோறும் மிஞ்சவில்லை, குழம்பும் மிஞ்சவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஆல்பர்ட்டுக்குப் போன் பண்ணினேன். "ரெண்டு டிக்கெட்டாவே போட்டுடுங்க மாப்ள, பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டேன்.

உன் அப்பா